பேர் வாசித்த ராத்திரி

இரவு பத்தேகால் மணி. எண்பத்து மூன்றாம் வருஷம், நவம்பர் இரண்டாம் தேதி. ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர். கல்லறைத் தோட்டத்தில் இருந்து ஊருக்குள் போகிற வண்டிப்பாதை ஒரு மைல் தூரம். இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். பந்தலுக்கு அடியில் இருக்கிற இருட்டு தனி ரகம். நிலா இருந்தாலே வெளிச்சம் கீழே இறங்காது. அன்றைக்கு நிலாவும் இல்லை, கரண்டும் இல்லை.

அந்தப் பாதையில் ஒரு பெண் தனியாக வந்துகொண்டிருந்தாள். பத்து அடி நடப்பாள்... நிற்பாள். மூச்சு இரைக்கும். மறுபடி பத்து அடி...

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

இருங்கள், செருப்புக்கு அப்புறம் வருவோம். முதலில் அந்த வார்டுக் கதவை ஒருக்களித்து வையுங்கள். உள்ளே நம் ஆட்கள் கூப்பிட்டால் காதில் விழ வேண்டும். நோயாளிக்குத் துணை வந்தவர்களுக்கு ராத்திரியில் தூக்கம் ஏது, கதையாவது கேட்போம். பயந்த சுபாவம் உள்ளவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம். ஆனால் போகிற வழியில் கடைசி விளக்கு எரியவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

யாரும் எழுந்திருக்கவில்லை. நல்லது. இது எனக்குத் தெரிந்த மரிய ஜோசப்பின் ஒன்றுவிட்ட பெரியம்மாவுக்கு நடந்தது. பேர் மதலேனாள்.

மதலேனாளைக் கட்டிக்கொண்டு போனவன் இரண்டே வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். குழந்தை இல்லை. திரும்பிப் பிறந்த வீட்டுக்கே வந்தாள். அப்பா அம்மாவும் அடுத்தடுத்துப் போக, மிஞ்சியது ஒரே தம்பி, அருளப்பன். திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டிக் கூடையில் அடுக்கும் வேலைக்குப் போய் அவனை வளர்த்தாள். அவனுக்குப் பேன் பார்த்ததும் அவள்தான், பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அவள்தான். அவனுக்குப் படிப்பு ஏறாமல் மோட்டார் மெக்கானிக் ஆனதற்கு வாத்தியாரிடம் திட்டு வாங்கியதும் அவள்தான்.

அருளப்பனுக்கு ஒரு குணம் உண்டு. கிணற்று மோட்டார் ரிப்பேருக்குப் போகிற இடத்தில் யாரிடமாவது ஒரு ஸ்பானர் இரவல் வாங்கினால், இருட்டுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுவான். சும்மா கொடுக்க மாட்டான். மண்ணெண்ணெய்த் துணியால் பளபளவென்று துடைத்து, உள்ளங்கையில் வைத்து, "சரிபாத்துக்கங்க" என்பான். பார்த்து, ஆமாம் சரிதான் என்று சொன்னால்தான் நகருவான். ஒரு ஸ்பானரில் என்னத்தைச் சரிபார்ப்பது? ஊரே அவனைக் கேலி பண்ணும். அவன் சிரித்துக்கொண்டே நிற்பான்.

அவனுக்கு இருபத்தாறு வயது நடக்கும்போது காலையில் முகம் வீங்க ஆரம்பித்தது. அப்புறம் கால். அப்புறம் சோற்றைப் பார்த்தாலே குமட்டல். மதுரை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார். வேலூருக்குப் போகச் சொன்னார்.

வேலூரில் ஐந்து மாதம். மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற நாட்கள். அதெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான். நாலாவது டம்ளர் கேட்டு அவன் அழுவான். அவள் ஈரத்துணியால் உதட்டை ஒற்றிவிட்டு, வெளியே போய் நின்று அழுவாள். அவன் குடிக்கவில்லையே என்று அவளும் குடிக்கவில்லை என்று சொல்வார்கள். அங்கேதான் ஒரு நர்ஸம்மா அவளுக்கு ஒரு வித்தை கற்றுக் கொடுத்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அமுக்க வேண்டும். விரலை எடுத்ததும் குழி மேலெழுந்துவிட்டால் நல்லது. குழி அப்படியே நின்றால்... தண்ணீர் ஏறியிருக்கிறது. தினம் காலையில் தம்பியின் காலை அமுக்கிப் பார்ப்பதுதான் அவளுக்கு முதல் வேலை.

அக்காவின் ரத்தம் தம்பிக்குப் பொருந்தியது. எழுபத்தெட்டாம் வருஷம் ஆபரேஷன். அவளுடைய இடது விலாவுக்குக் கீழே கீறி ஒரு கிட்னியை எடுத்தார்கள். அதை அவன் விலாவில் வைக்கவில்லை. வலது அடிவயிற்றில், இடுப்பு எலும்பு ஓரமாக வைத்தார்கள். அப்படித்தான் வைப்பார்களாம். ரத்தக் குழாயை இணைத்த மாத்திரத்தில், மேஜையிலேயே மூத்திரம் பீய்ச்சி அடித்ததாம். பெரிய டாக்டரின் அங்கியெல்லாம் நனைந்துவிட்டது என்று நர்ஸம்மா வந்து சொன்னபோது, வலியோடு வலியாக மதலேனாள் சிரித்தாள்.

ஊருக்கு வரும்போது அவன் ஒரு எக்ஸ்ரே படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தான். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் வெயிலில் பிடித்துக் காட்டுவான். வலது அடிவயிற்றில் அவரைக்கொட்டை மாதிரி வெள்ளையாக ஒன்று. அதன் ஓரத்தில், சாய்வாக, அரிசிக் குருணை போல மூன்று புள்ளி.

"அது கிளிப்பு. ரத்தம் கசியாம இருக்க டாக்டரு போட்டது. நம்மள மாதிரியே மூணு நட்டு போட்டு முடுக்கிருக்காரு பாருங்க" என்பான்.

அக்காவின் கையை எடுத்து அந்த இடத்தில் வைப்பான். மேல்தோலுக்குக் கீழே கதகதப்பாக, உருண்டையாகத் தட்டுப்படும். "ஒன் மோட்டாரு எப்பிடி ஓடுது? சரிபாத்துக்கக்கா."

"ஏலே, போடா கிறுக்கா" என்பாள். கையை மட்டும் எடுக்க மாட்டாள்.

இரண்டரை வருஷம் அப்படி ஓடியது. மதலேனாளின் வாழ்க்கையில் அந்த இரண்டரை வருஷம்தான் நல்ல காலம். இது அவளே சொன்னது.

எண்பத்தொன்றில் காய்ச்சல் வந்தது. அடிவயிறு கனத்து வலித்தது. அவன் உடம்பு அந்தப் பொருளை வேண்டாம் என்று தள்ள ஆரம்பித்துவிட்டது. மறுபடியும் வேலூர். முடிந்ததெல்லாம் செய்து பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். காலை அமுக்கினால் குழி நின்றது. பாதம் வீங்கி எந்தச் செருப்பும் நுழையவில்லை. சின்னமனூர் போய், பெரிய அளவில் டயர்ச் செருப்பு வெட்டி வாங்கி வந்தாள். மூச்சில் அந்த வாடை வந்துவிட்டது. கிட்னி போனவர்களின் மூச்சில் வருமே, அந்த நெடி... உங்களுக்குத் தெரியும்.

கடைசி வாரத்தில் அவனுக்கு ஒரே பேச்சு.

"யக்கா... டாக்டருகிட்ட சொல்லி இத எடுக்கச் சொல்லு. எடுத்து ஒனக்கே வச்சுரச் சொல்லு. நா இருக்கறப்பவே எடுத்தாத்தான் ஆகும். நா போயிட்டா ஒன்னதும் எங்கூட மண்ணுக்குள்ள வந்துரும்."

"குடுத்தத வாங்குறதுக்கா குடுத்தேன்? பேசாமப் படு."

"இருட்டுறதுக்குள்ள குடுத்துரணும்க்கா..."

அது நடக்கிற காரியமா? அப்படி எடுத்து வைக்க முடியாது என்று அவனுக்கு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டுவான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதையே ஆரம்பிப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சம் மங்குகிற நேரத்தில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போய்விட்டான்.

பெட்டியில் வைக்கும்போது அவன் காலில் அந்த டயர்ச் செருப்பை மாட்டிவிட்டாள் மதலேனாள். செத்தவனுக்குச் செருப்பு எதற்கு என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். "அவன் பாதம் பஞ்சா இருக்கு. அங்கன முள்ளு கிடந்தா தாங்க மாட்டான்" என்றாள்.

இரண்டு வருஷம் போயிற்று. எண்பத்து மூன்று, அக்டோபர் மாதம். ஒரு நாள் காலையில் அவள் எழுந்து உட்கார்ந்து, பழக்கம் விடாமல், கட்டைவிரலால் ஒரு காலை அமுக்கினாள். இந்தத் தடவை தன் காலை.

குழி நின்றது.

நாலைந்து நாள் பார்த்தாள். குழி ஆழமாகிக்கொண்டே போனது. மூத்திரம் குறைந்தது. மீதி இருந்த ஒன்றும் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? மரிய ஜோசப் பக்கத்து வீடுதான். அவனிடம்கூடச் சொல்லவில்லை. அவளுக்குத் துணைக்கு வேலூர் வாசலில் உட்கார யார் இருக்கிறார்கள்? அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது. கால் வீக்கம் அடுத்தவர்கள் கண்ணில் பட வேண்டாம் என்று சேலையைத் தழையக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

கல்லறைத் திருநாள் வந்தது. கிறிஸ்தவ வேதக்காரர்கள் வழக்கம் தெரியும்தானே? அன்றைக்கு அவரவர் வீட்டில் செத்துப்போனவர்களின் பேரை எழுதிக் கொடுப்பார்கள். பூசையில் சாமியார் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார். பேர் கொடுக்க ஆள் இல்லாத ஆத்துமாவுக்கு யார் ஜெபிப்பது? அதுதான் மதலேனாளை அரித்தது. அடுத்த வருஷம் தான் இருக்கப் போவதில்லை. தம்பி பேரைச் சொல்லவும் வீட்டில் ஆளில்லை, தன் பேரைச் சொல்லவும் ஆளில்லை. அதனால் அவள் ஒரு காரியம் செய்தாள். கோயிலில் பேர் எழுதுகிற உபதேசியாரிடம் இரண்டு பேரை எழுதச் சொன்னாள்.

"அருளப்பன். சரி. அடுத்தது... மதலேனாளா? யாரு இது, உங்க அத்தையா?"

"எங்க வீட்டு ஆளுதாங்க" என்றாள்.

அது பொய் இல்லை. அவளில் பாதி ஏற்கெனவே அங்கேதான் கிடக்கிறது என்று அவள் மனசு சொன்னது. உபதேசியாரும் எழுதிவிட்டார்.

சாயங்காலம் பூசை. சாமியார் வாசித்துக்கொண்டே வந்தார். செபஸ்தியம்மாள்... அருளப்பன்... மதலேனாள்...

கோயிலில் இருந்த யாரும் கவனிக்கவில்லை. ஆனால் தன் பேரைக் கேட்டதும் மதலேனாளின் கால்கள் தானாக எழுந்தன. பள்ளிக்கூடத்தில் பேர் வாசித்தால் பிள்ளைகள் எழுந்து நிற்கிற மாதிரி. பாதி எழுந்தவள், முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உடம்பு வேர்த்துவிட்டது.

பூசை முடிந்து எல்லாரும் மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்து முடித்ததும் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. மதலேனாளால் சீக்கிரம் எழுந்திருக்க முடியவில்லை. தம்பி கல்லறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தாள். ஒன்பதரை மணிக்குக் கடைசி மெழுகுவர்த்தியும் அணைந்தது. அப்புறம்தான் எழுந்தாள்.

இப்போது அந்தப் பாதைக்கு வந்துவிட்டோம்.

பத்து அடி... நிற்பாள். பத்து அடி... நிற்பாள். மயில்துத்த மருந்து அடித்த இலைகளின் வாடை. எங்கேயோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பாதி வழியில் ஒரு கிணற்று மோட்டார் ரூம். அதன் படியில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம். டயர்ச் செருப்பு.

சளக்... சளக்... சளக்...

காலை விட்டுக் கழன்று கழன்று வருகிற சத்தம். ஒரு நொடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மதலேனாளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. செருப்பு இவ்வளவு தொளதொளவென்று இருக்கிறதே, கால் வீக்கம் வடிந்துவிட்டது போலிருக்கிறதே... என்ற சந்தோஷம்.

சத்தம் அவளுக்குப் பின்னால் வந்து நின்றது. மண்ணெண்ணெய்த் துணியின் வாடை வந்தது. அதற்குக் கீழே, ஈர மண்ணின் வாடை. அந்தப் பழைய மூச்சு நெடி மட்டும் இல்லை. மூச்சே இல்லை.

கரண்டு இல்லாத அந்த ரூமுக்குள்ளே மோட்டார் மெதுவாக ஓட ஆரம்பித்தது.

"யக்கா... திரும்பாத."

அவள் திரும்பவில்லை.

"அங்கன ஒன் பேரு வாசிச்சுட்டாக. ஆள் வரலேன்னு தேடுறாக."

"வந்துர்றேன்டா" என்றாள். "நாந்தான் எழுதிக் குடுத்தேன். ஒனக்கும் தொணையாப் போகும்."

"வேணாங்க்கா. ஒன் பொருளு எங்கிட்ட கிடக்கதுனாலதான் நீயும் அங்கனத்து ஆளுன்னு நெனைக்கிறாக. வாங்கிக்க."

"ஏலே, குடுத்தத வாங்க மாட்டேன்னு சொன்னேனா இல்லையா? நீ வெறும் வயித்தோட கிடப்பியா?"

மோட்டார் சத்தம் ஏறியது. பின்னால் இருந்து ஒரு கை அவள் இடுப்பைச் சுற்றி வந்தது. கிணற்றுத் தண்ணீரில் ஊறிய மாதிரி ஜில்லென்ற கை. வலது அடிவயிற்றில் வந்து அமர்ந்தது. உள்ளே ஏதோ ஈரமாக, குளிர்ச்சியாக இறங்கியது. இறங்கி... மெல்லச் சூடாயிற்று.

"சரிபாத்துக்கக்கா."

அதற்கு மேல் அவளுக்கு நினைவில்லை. செருப்புச் சத்தம் கல்லறைத் தோட்டத்துப் பக்கமாகப் போனது மட்டும் கேட்டதாம். அவள் சரி என்று சொல்கிற வரைக்கும் அவன் நிற்கவில்லை. ஆயுசில் முதல் தடவையாக.

விடிகாலையில் திராட்சைக்கு மருந்து அடிக்கப் போன மரிய ஜோசப், படியில் சாய்ந்து கிடந்தவளைப் பார்த்துச் செத்துவிட்டாள் என்றே நினைத்தான். கிட்டப் போனால் குறட்டை. சேலை, பாவாடை, படி, கீழே மண் எல்லாம் நனைந்து கிடந்தது. மழை இல்லை. மூத்திரம். ஒரு ஆள் ராத்திரி முழுக்கப் போனாலும் அவ்வளவு போக முடியாது. எழுப்பினான். கண்ணைத் திறந்தவள் முதலில் தன் காலை அமுக்கிப் பார்த்தாள். குழி மேலே வந்துவிட்டது.

அவள் வீட்டுக்கு வரவில்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள். அருளப்பன் கல்லறையில் நேற்று வைத்த பூ அப்படியே இருந்தது. வலது பக்கம் நடுவில் மட்டும், ஒரு சாண் அகலத்துக்கு மண் உள்வாங்கியிருந்தது.

அந்தக் குழிக்குள் கையை வைத்துக்கொண்டு மதலேனாள் அழுத அழுகையை மரிய ஜோசப்பால் இன்றைக்கும் சொல்ல முடியாது. தம்பி செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

"இம்புட்டு நாளும் எம்பாதி ஒனக்குத் தொணையாக் கிடந்துச்சேடா... இனி ஒத்தையில கிடப்பியே..."

பிழைத்ததில் அவளுக்குச் சந்தோஷமே இல்லை. அதை அவள் மறைக்கவும் இல்லை.

மரிய ஜோசப் விடவில்லை. வற்புறுத்தி மதுரைக்குக் கூட்டிப்போய், ஊசியில் மருந்து ஏற்றி எடுக்கிற எக்ஸ்ரே எடுத்தான். கண்ணாடி போட்ட வயசான டாக்டர். படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். அருகில் போனார். தள்ளி வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, இடது கிட்னிய தம்பிக்குக் குடுத்துட்டேன்னுதான சொன்னீங்க? ஆமா, அது இல்ல. வலது கிட்னி சுருங்கி வேலையத்துக் கிடக்கு. இத வச்சு நீங்க நடந்தே வந்திருக்க முடியாது." விரலைக் கீழே இறக்கினார். "ஆனா இங்கன ஒண்ணு இருக்கே... அடிவயித்துல. நல்லா வேல செய்யுது. இந்த ஆபரேஷன் எந்த ஊர்ல பண்ணிக்கிட்டீங்க?"

மதலேனாள் சேலையை ஒதுக்கிக் காட்டினாள். இடது விலாவில் பழைய தழும்பு நீளமாக இருந்தது. வலது அடிவயிற்றில் ஒரு கீறல் கிடையாது. தோல் வழுவழுவென்று இருந்தது.

டாக்டர் அங்கே கையை வைத்தார். கதகதப்பாக, உருண்டையாகத் தட்டுப்பட்டது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"கீறாம யாரும்மா உள்ள வச்சா?"

அவள் எழுந்து விளக்குப் பலகைக்குக் கிட்டப் போனாள். அவரைக்கொட்டை மாதிரி வெள்ளையாகத் தெரிந்ததன் ஓரத்தை விரலால் தடவினாள். தடவியபடியே, பக்கத்தில் யாரோ காத்துக்கொண்டு நிற்கிற மாதிரி, தலையை ஆட்டி, "சரியா இருக்குடா தம்பி... எல்லாம் சரியா இருக்கு" என்றாள்.

மரிய ஜோசப் எட்டிப் பார்த்தான். அவள் விரல் நின்ற இடத்தில், சாய்வாக, அரிசிக் குருணை போல... மூன்று புள்ளி.